திங்கட்கிழமைகளில் இருமும் கார்

மாங்குளம்
12.03.1985

அன்புத் தம்பி மத்தேயுவுக்கு,

அக்கா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் சுகம். அந்தச் சவூதிப் பாலைவனச் சூட்டில் நீ எப்படி இருக்கிறாய்? முதுகு வலி என்று எழுதியிருந்தாய். தைலம் பூசுகிறாயா? பூசிவிட ஆள் இல்லையென்றால் தைலத்தைச் சுவரில் தடவி முதுகைத் தேய். சிரிக்காதே, சுகம் வரும்.

ஒரு விசயம் கேட்க வேண்டும். எங்கள் மொறிஸ் மைனர் காரின் கார்புரேற்றர் காணாமல் போய்விட்டது. வவுனியாவில் விசாரித்தோம், இல்லை. கொழும்பில் இருந்து எடுப்பிக்க இப்போது வழியில்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வெல்டிங் செய்கிற சங்கிலியண்ணையிடம் மோட்டார் சைக்கிள் கார்புரேற்றர் இரண்டு கிடக்கிறது. அவர் எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டில் இருந்து வந்தவர், நல்ல மனுசன். அதில் ஒன்றைக் காருக்குப் போட முடியுமா என்று அத்தான் உன்னிடம் கேட்கச் சொன்னார். நீ அங்கே கராஜில் எல்லாவித எஞ்சினும் பார்க்கிறவன்தானே.

கார் கெதியாக ஓடத் தொடங்க வேண்டும். பதிலைச் சுணக்காதே.

அத்தான் சுகம். வாடகை ஓட்டம் இல்லாதபடியால் வீட்டில்தான் இருக்கிறார். எங்களை நினைத்து நித்திரையைக் கெடுக்காதே.

மாதா உன்னைக் காப்பாளாக.
அக்கா ஜோசப்பின்

*

தமாம்
05.04.1985

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நீங்கள் சுகம் என்ற வரியை வாசித்த பிறகுதான் தேநீரைக் குடித்தேன். நானும் சுகம். முதுகைச் சுவரில் தேய்த்ததைப் பார்த்து அறையில் இருக்கிற மலையாளத்தார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது அவர்களும் தேய்க்கிறார்கள்.

கார்புரேற்றர் எப்படி அக்கா காணாமல் போகும்? பற்றரி களவு போவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், ரயர் போவதையும் கேள்விப்பட்டிருக்கிறேன். இதை யார் கழற்றினார்கள்? கார் எங்கே நின்றது?

போடலாம். ஆனால் ஒன்று காணாது, இரண்டும் வேண்டும். மொறிஸ் எஞ்சினுக்குப் பெற்றோலும் காற்றும் போகிற வாசல் இரண்டுதான். முன்வாசலால் முன்னுக்கு இருக்கிற இரண்டு சிலிண்டரும், பின்வாசலால் மற்ற இரண்டும் குடிக்கும். வாசலுக்கு ஒரு கார்புரேற்றர், பெற்றோலையும் காற்றையும் கலப்பது அதுதான். தடித்த இரும்புத் தகட்டில் இரண்டு கட்டைப் பைப்பை ஒட்டி எஞ்சினில் பூட்டுங்கள். தகடு தட்டையாக இருக்க வேண்டும். கண்ணாடியின் மேல் வைத்து ஆட்டிப் பார்த்தால் தெரியும். கீழே புகைக்குழாய்ச் சூடு ஏறும், நடுவில் ஒரு தகரம் வையுங்கள். இரண்டின் கேபிளையும் ஓரிடத்தில் கட்டி அக்சிலேற்றரில் கொழுவ வேண்டும். மிதித்தால் இரண்டும் ஒன்றாகத் தூக்க வேண்டும். அத்தானிடம் சொல்லுங்கள், அவருக்கு இது சின்ன வேலை.

கரையில் எங்கட ஆட்கள் கடலுக்குப் போகிறார்களா?

அன்புடன்,
தம்பி மத்தேயு

*

மாங்குளம்
30.04.1985

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் உறை கசங்கி வந்தாலும் வந்து சேர்ந்தது. சுகம்தானே? இங்கே வெயில் தொடங்கிவிட்டது. கடலுக்குப் போக விடுவதில்லை. முல்லைத்தீவில் வள்ளங்கள் எல்லாம் கவிழ்த்துக் கிடக்கின்றனவாம். மீன் தின்று கனகாலம்.

சங்கிலியண்ணை தகட்டைப் பார்த்துவிட்டு, "என்னா தங்கச்சி, பைக்கு மூக்கக் கொண்டாந்து காருக்கு ஒட்டப் போறீங்களா?" என்று கேட்டார். ஆனால் ஒட்டித் தந்தார். மினுக்கிக் கண்ணாடியில் வைத்தால் ஆடவில்லை. நடுவில் பால்மாத் தகரத்தை விரித்து வைத்தோம். எல்லாம் பூட்டியாகிவிட்டது.

ஆனால் சாவியைத் திருப்பியதும் இரண்டிலும் பெற்றோல் பொங்கி வழிகிறது. பயத்தில் உடனே நிற்பாட்டிவிட்டோம். இதற்கு என்ன செய்வது? மற்றது, ஸ்குறூவை எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும், எந்தப் பக்கம் திருப்பினால் இளகும் என்று அத்தான் கேட்கச் சொன்னார்.

அவர் சுகம். கால் மட்டும் கொஞ்சம் ஏலாது.

நீ வேளைக்குச் சாப்பிடு.
அக்கா

*

தமாம்
27.05.1985

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் அப்படியே.

வலப்பக்கம் திருப்பினால் இறுகும். இடப்பக்கம் திருப்பினால் இளகும்.

பொங்குவதற்குக் காரணம் பம்ப். மோட்டார் சைக்கிளில் பெற்றோல் மேலே இருந்து தானாக இறங்கும். காரின் பம்ப் டிக் டிக் என்று அடித்து உள்ளே தள்ளும். அந்தத் தள்ளலைச் சின்னக் கார்புரேற்றரின் மிதவை தாங்காது. பம்பின் வயரைக் கழற்றிவிடுங்கள். முன் கண்ணாடிக்குக் கீழே, பொனற்று மூடிக்கு வெளியே ஒரு தகர ரின்னை இறுக்கிக் கட்டி, அதில் இருந்து ரியூப் வழியாகப் பெற்றோல் இறங்கட்டும். பார்க்க வடிவில்லைத்தான். ஓடும்.

அத்தானுக்குக் காலில் என்ன? விழுந்தாரா? ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா?

என் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. ஒரு தாளில் கையெழுத்து விழ வேண்டும், விழுந்ததும் வருவேன். மார்கழியில் நத்தார்த் திருநாளுக்கு அங்கே நிற்பேன்.

அன்புடன்,
மத்தேயு

*

மாங்குளம்
24.06.1985

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருக்கிறாயா? நத்தாருக்கு வருகிறாய் என்று வாசித்ததில் வீடு கொஞ்சம் வெளித்தது.

ரின்னைக் கட்டியதும் வழிவது நின்றது. வெள்ளிக்கிழமை காலையில் எஞ்சின் பிடித்தது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்தச் சத்தம்! கண் கலங்கிவிட்டது. கேபிளைக் கையால் இழுத்ததும் முன் கார்புரேற்றர் தும்மி, நாக்கு மாதிரி நெருப்பு வெளியே வந்தது. வலது புருவம் கருகிவிட்டது. அதோடு சைலன்சருக்குள் பெரிய வெடி.

சந்திக் காவலில் நிற்பவர்களுக்கு அந்தச் சத்தம் வேறு மாதிரிக் கேட்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் வீட்டைச் சுற்றி நின்றார்கள். எங்கே வெடித்தது என்று கேட்டார்கள். காரைக் காட்டினேன். திரும்பவும் போட்டுக் காட்டு என்றார்கள். போட்டேன். திரும்பவும் வெடித்தது. ஒருவன் அப்படியே நிலத்தில் விழுந்து படுத்துவிட்டான். மற்றவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் தப்பினோம்.

அத்தான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை.

இந்த வெடியை எப்படி நிற்பாட்டுவது? ஓடவிடாமல் திருத்த முடியாது. ஓடவிட்டால் வெடிக்கிறது. இனியும் வெடிக்கக் கூடாது, தம்பி.

அக்கா ஜோசப்பின்

*

தமாம்
18.07.1985

அன்புள்ள அக்கா,

சுகத்தை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அத்தானின் புருவம் கருகியிருந்தால் அத்தானின் புருவம் என்று எழுதியிருப்பீர்கள். இனி "அத்தானிடம் சொல்லுங்கள்" என்று எழுதமாட்டேன். உங்களுக்கே எழுதுகிறேன். நான் ஒன்றும் கேட்கவுமில்லை.

எஞ்சின் பட்டினியில் வெடிக்கிறது. அந்தக் கார்புரேற்றர்கள் சின்ன எஞ்சினுக்குச் செய்தவை. முதலில், தகடு பூட்டிய இடங்களைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணீர் பூசுங்கள். எங்கேயாவது உள்ளே உறிஞ்சினால் அந்த வழியால் கள்ளக் காற்றுப் போகிறது; இறுக்குங்கள். பிறகு கார்புரேற்றரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினால் நடுவில் துளையோடு ஒரு பித்தளைத் துண்டு இருக்கும். அதற்கு ஜெற் என்று பெயர். பெற்றோல் அந்தத் துளையால்தான் போகிறது. தையல் ஊசியைக் கல்லில் தீட்டி, துளைக்குள் விட்டு மெல்லச் சுழற்றுங்கள். பொன் தூள் மாதிரிக் கொஞ்சம் விழுந்தால் காணும். அவசரப்பட்டுப் பெருப்பித்தால் திரும்பச் சிறுப்பிக்க முடியாது.

சரிவந்ததா என்று பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி வெள்ளையென்றால் இன்னும் பட்டினி. கரியென்றால் அளவுக்கு மிஞ்சிக் குடிக்கிறது. குடித்துவிட்டுக் கழுவாமல் வைத்த தேநீர்க் கோப்பையின் அடி நிறம் வந்தால் சரி.

முகத்தைக் கிட்டக் கொண்டு போகாதீர்கள்.

மத்தேயு

*

மாங்குளம்
15.09.1985

என் தம்பிக்கு,

இந்தக் கடிதம் இங்கிருந்து தபாலில் வரவில்லை. பள்ளிக்கூடத்துக் கமலாசனி ரீச்சர் கொழும்புக்குப் போகிறா. அங்கே பெட்டியில் போடுவா. உன்னுடைய கடிதங்கள் எல்லாம் திறந்து ஒட்டித்தான் வருகின்றன. என்னுடையவையும் அப்படித்தான் உன்னிடம் வருமென்று நினைக்கிறேன். இந்த ஒன்றில் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

மாசி மாதம் ஓட்டத்துக்குப் போன அத்தானை ஆமிக்காரர் வழியில் இறக்கிக் கொண்டு போனார்கள். ஏன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அன்றைக்கு அந்த றோட்டில் போன ஆம்பிளைகள் எல்லோரையும் கொண்டு போனார்கள். கார் வாய் திறந்தபடி றோட்டோரத்தில் நின்றது. நானும் சங்கிலியண்ணையும் தள்ளிக்கொண்டு வந்தோம். பொனற்றுக்குள் கார்புரேற்றர் இல்லை. யார் எடுத்தார்கள் என்று தேட எனக்கு மனம் இருக்கவில்லை.

சில நாளில் அத்தானை விட்டார்கள். உள்ளங்கால்கள் பழுத்த தக்காளி மாதிரி இருந்தன. புண் ஆறிவிட்டது. ஆனால் அவர் அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் பாயைப் போட்டுக்கொண்டு அங்கேயே இருக்கிறார். முற்றத்துக்கு வருவதில்லை. என்னோடும் கதைப்பது அரிது. தேநீரைக் கிட்டக் கொண்டு போனால் முதலில் என் கையைப் பார்ப்பார், பிறகுதான் கோப்பையைப் பார்ப்பார்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆமி முகாமுக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். தவறினால் அவர்களே வருவார்கள். சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளிக்கொண்டு போகிறேன். சனம் பார்க்கிறது என்று அவர் சாக்கால் தலையை மூடிக்கொள்வார். அதைக் கண்டால் சனம் இன்னும் பார்க்கும். போன கிழமை பாதி வழியில் இறங்கி, "என்னாலை ஏலாது, ஜோசப்பின். நீ போ" என்று பற்றைப் புதருக்குள் இருந்துவிட்டார். காலைப் பிடித்துக் கெஞ்சித்தான் கூட்டிக்கொண்டு போனேன். அதற்காகத்தான் கார். கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே இருப்பார்.

உனக்கு எழுதாமல் விட்டதற்குக் காரணம், நீ பாதியில் ஓடி வந்துவிடுவாய் என்ற பயம். ஆம்பிளைகள் இப்போது இந்தப் பக்கம் வரக் கூடாது.

இனி எஞ்சின். ஜெற்றைச் சுரண்டினேன். றோட்டில் பெரிய லொறிகள் இரைந்துகொண்டு போகும் நேரத்தில் மட்டும் போட்டுப் பார்ப்பேன். பிளக் இப்போது தேநீர் நிறம். வெடி நின்றுவிட்டது. ஆனால் எஞ்சின் குலுக்குகிறது. குளிர்காய்ச்சல்காரனைப் போலக் கார் முழுக்க நடுங்குகிறது. இரண்டும் ஒன்றாகப் போகவில்லை என்று நினைக்கிறேன். எப்படிச் சமப்படுத்துவது?

செபத்தில் எங்களை நினை.
அக்கா

*

தமாம்
12.10.1985

அன்புள்ள அக்கா,

கிடைத்தது. வாசித்தேன். அதைப் பற்றி இதில் எழுதமாட்டேன், உங்களுக்குத் தெரியும்.

மெல்லிய ரப்பர் ரியூப் ஒன்று எடுங்கள். எஞ்சின் ஓடும்போது ஒரு நுனியை முன் கார்புரேற்றரின் வாயில் பிடித்து, மற்ற நுனியைக் காதில் வையுங்கள். பாம்பு சீறுகிற மாதிரிக் கேட்கும். பிறகு பின்னால் உள்ளதில் வையுங்கள். இரண்டு சீறலும் ஒரே மாதிரி வரும்வரை பக்கத்தில் இருக்கிற ஸ்குறூவைத் திருப்ப வேண்டும். அது உள்ளே இருக்கிற உருளையைத் தூக்கும், பதிக்கும். அதற்குக் கிட்ட இன்னொரு சின்ன ஸ்குறூ உண்டு, அது காற்றுக்கு. உள்ளே திருப்பினால் காற்றுக் குறைந்து கரிப்புகை வரும். அதை அளவாக விடுங்கள்.

நாள் எடுக்கும். காது பழக வேண்டும். கோபம் வந்தால் நிற்பாட்டிவிட்டுப் போய்ச் சோறு சமையுங்கள்.

நான் வருவது கொஞ்சம் இழுபடுகிறது. இருங்கள் அக்கா, இரண்டு பேரும் இருங்கள்.

மத்தேயு

*

மாங்குளம்
01.12.1985

அன்புத் தம்பிக்கு,

இதுவும் கமலாசனி ரீச்சரின் கையால்தான் வருகிறது. சுகமா? எங்களுக்குச் சுகம் என்று இந்த முறை கொஞ்சம் உண்மையாகவே எழுதலாம்.

ரியூப்பைக் காதில் வைத்து நாள்கணக்காகக் கேட்டேன். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது மாறும். எது கூட, எது குறைய என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. கோபத்தில் ரியூப்பை எறிந்துவிட்டுக் காரின் மேல் தலையை வைத்து அழுதுகொண்டு நின்றேன். எஞ்சின் அதன்பாட்டில் குலுங்கிக்கொண்டிருந்தது.

அப்போது வீட்டுக்குள் இருந்து சத்தம் கேட்டது.

"பின்னாலை இருக்கிறது பிந்துது."

முதலில் யார் என்று விளங்கவில்லை. அந்தக் குரலைக் கேட்டு அவ்வளவு காலம்.

"என்னப்பா?"

"பின்னாலையடி. பின்னாலை இருக்கிறது மூச்செடுக்கப் பிந்துது. நீ முன்னுக்கு இருக்கிறதையே திருப்பிக்கொண்டு நிக்கிறாய். எத்தினை நாளாக் கேட்டுக்கொண்டிருக்கிறன்!"

எஞ்சினை நிற்பாட்டப் பயமாக இருந்தது. நிற்பாட்டினால் அவரும் நின்றுவிடுவார் என்று ஒரு பயம். நான் அசையவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினி வாசல்வரைக்கும் வந்தார். அங்கே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு முற்றத்தில் காலை வைத்தார். மண் சுடுகிற மாதிரிக் காலை இழுத்துக்கொண்டார், திரும்ப வைத்தார். ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டேன். இருந்து, ரியூப்பைக் காதில் வைத்தார்.

"கால்வாசிச் சுத்து திருப்பு. பதறாதை... இன்னும் கொஞ்சம்... காணும், காணும். விடு."

நடுக்கம் நின்றது. தையல் மெசின் மாதிரி ஓடியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மழை தொடங்கியும் எழும்பவில்லை, நனைந்துகொண்டே இருந்தார்.

கிளச்சை மிதிக்க அவருடைய கால் விடாது. பள்ளிக்கூடப் பின்வளவில் எனக்குப் பழக்கினார். நான் காரை ஓடுகிறேன், அவர் பக்கத்தில் இருந்து ஏசுகிறார். திங்கட்கிழமை முகாமுக்குக் காரிலே போனோம். அன்றைக்குச் சாக்கு இல்லை.

கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வந்தால், வாசலில் நின்றவன் காரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். உடைந்த தமிழில், "நல்ல எஞ்சின். நாளைக்கும் கொண்டு வா. எங்களுக்கு ஓட்டம் இருக்கு" என்றான்.

வீட்டுக்குத் திரும்பினோம். கொண்டு போகாவிட்டால் ஏன் கொண்டுவரவில்லை என்று அவர்கள் வருவார்கள். கொண்டு போனால் யாருக்குக் கார் ஓடுகிறாய் என்று மற்றப் பக்கத்து இயக்கத்தார் வருவார்கள். எவ்வளவு பாடுபட்டு ஓடவைத்தோம், ஓடவைத்தது பிழை என்று ஆகிவிட்டது. அத்தான் பழையபடி அலுமாரிப் பக்கம் போய் இருந்துவிட்டார். அந்த மூலையைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது.

விடிந்ததும் பொனற்றைத் திறந்தேன். பின் கார்புரேற்றரின் காற்று ஸ்குறூவை முடியுமட்டும் உள்ளே திருப்பினேன். முன்னால் உள்ளதன் உருளையைத் தூக்கிவிட்டேன். வெடிக்காது, வெடித்தால் ஆபத்து. குலுக்கும், இருமும், கரியாய்ப் புகைக்கும். அப்படியே முகாமுக்கு ஓடிக்கொண்டு போனேன். வாசலில் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். பொனற்றைத் திறந்து காட்டச் சொன்னார்கள். மோட்டார் சைக்கிள் கார்புரேற்றர் இரண்டையும், பால்மாத் தகரத்தையும், கயிற்றால் கட்டிய ரின்னையும் கண்டுவிட்டு, ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார்கள். "குப்பை. கொண்டு போ" என்றான் அவன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அத்தான் என்னைப் பார்த்தார். "என்னத்தைத் திருப்பினனீ?" என்றார். சொன்னேன். சிரித்தார், தம்பி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அழுதார். இரண்டையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஒவ்வொரு திங்களும் விடிய அதைக் கெடுப்போம். திரும்பி வந்து திருத்துவோம். மற்ற நாட்களில் அவசரத்துக்கு ஆட்களை ஏற்றுகிறேன். வியாழக்கிழமை ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். பெண்பிள்ளை, சுகம்.

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன்னுடைய "இழுபடுகிறது" என்றால் என்ன? நீயும் ஒளிக்காமல் எழுது.

அக்கா

*

தமாம்
05.01.1986

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

புதுவருட வாழ்த்துகள். நத்தாரன்று உங்கள் கடிதம் வந்தது. எதற்காகச் சிரித்தேன் என்று இதில் எழுதமாட்டேன். அறையில் இருந்தவர்கள் எனக்குப் பைத்தியம் என்றார்கள்.

கேட்டீர்கள், எழுதுகிறேன். கராஜ் இல்லை, அக்கா. போன வருடம் தைமாதமே பூட்டிவிட்டார்கள். முதலாளி எங்களை ஊருக்கு வெளியே சீமெந்துக் கல்லை அச்சில் போட்டு அரிகிற இடத்தில் விட்டிருக்கிறார். பாஸ்போர்ட் அவருடைய பெட்டிக்குள். அது இல்லாமல் இந்த வளவுக் கேற்றைத் தாண்டினால் பொலிஸ் பிடிக்கும். கேட்டால் அடுத்த மாதம் என்கிறார். ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம்தான்.

இவ்வளவு காலமும் ஒரு எஞ்சினையும் நான் தொடவில்லை. நீங்கள் கேட்டதற்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு, மனதுக்குள் பொனற்றைத் திறந்து பார்த்துத்தான் பதில் எழுதினேன். பிழையாகச் சொல்லிவிடுவேனோ, உங்கள் முகத்தில் நெருப்புப் பட்டுவிடுமோ என்று பயந்து பயந்து எழுதினேன். அந்தக் கடிதங்களை எழுதும் நேரத்தில் மட்டும் நான் இங்கே இருக்கவில்லை.

இப்போது கார் ஓடுகிறது. இனி என்ன கேட்பீர்கள் என்று இருக்கிறது.

மத்தேயு

*

மாங்குளம்
10.02.1986

அன்புள்ள மத்தேயு,

அத்தான் மரியநேசன் எழுதுவது. எழுதிப் பழக்கம் விட்டுப் போனதால் எழுத்துக் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். உன் கடிதத்தை அக்கா வாசித்துவிட்டு என் மடியில் போட்டா. "இதுக்கு நீங்கள்தான் பதில் எழுதவேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா.

எனக்குப் பெரிதாகச் சொல்லத் தெரியாது. ஒரு மூலையில் இருந்து பழகினால் அந்த மூலை நல்லது போலத் தோன்றும். அங்கே போகாதே. கல் அரிந்து முடிந்ததும் அறைக்குள் போய்ப் படுக்காதே, வெளியில் நில். ஆட்களோடு கதை. மலையாளத்தாரோடு சண்டை பிடித்தாலும் பரவாயில்லை.

பாஸ்போர்ட்டின் இலக்கமும் முதலாளியின் பெயரும் அந்த இடத்தின் பெயரும் எழுதி அனுப்பு. கமலாசனி ரீச்சர் கொழும்பில் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறிக் கேட்கிறேன் என்று சொல்கிறா. கிடைக்குமோ தெரியாது. கேட்காமல் இருக்கப் போவதில்லை.

இனி என்ன கேட்பீர்கள் என்று எழுதியிருந்தாய். கேட்கக் கிடக்கிறது. சங்கிலி ஒரு பழைய தண்ணீர்ப் பம்ப்பைக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டிருக்கிறான். சுற்றுகிறது, தண்ணீர் ஏறவில்லை. நானும் அக்காவும் பார்த்தோம், பிடிபடவில்லை. யோசித்து எழுது. சுருக்கமாக எழுதாதே.

இன்றைக்குத் திங்கள். அக்கா வெளியில் காரை ஓடவிட்டுக்கொண்டு நிற்கிறா. வாய்விட்டு இருமுகிறது. மூன்று முறை கூப்பிட்டுவிட்டா. பயம் போய்விட்டது என்று உனக்குப் பொய் எழுதமாட்டேன். முகாம் கேற்றைத் தாண்டிப் போய்த்தான் கையெழுத்து வைக்க வேண்டும்.

போய்விட்டு வருகிறேன்.

உன் அத்தான்
மரியநேசன்